ஒரே கதை, நாற்பது படம்: அமெரிக்க டிவியின் கிறிஸ்துமஸ் காதல்கள்

பெருநகரத்தில் பெரிய வேலையில் இருக்கும் ஒரு பெண். எந்நேரமும் கையில் போன். டிசம்பர் பிறந்ததும் ஏதோ ஒரு காரணத்தால் பனி கொட்டும் ஒரு சின்ன ஊருக்குப் போகிறாள். பாட்டியின் பேக்கரியை விற்க வேண்டியிருக்கும். அல்லது அப்பா நடத்தும் தங்கும் விடுதி கடனில் மூழ்கிக்கொண்டிருக்கும். அல்லது அந்த ஊரின் கிறிஸ்துமஸ் மரப் பண்ணையை வளைத்துப்போடச் சொல்லி கம்பெனியே அவளை அனுப்பியிருக்கும். ஊரில் ஒரு ஆண், கட்டம் போட்ட சட்டையுடன். மனைவியை இழந்தவன், இல்லாவிட்டால் பள்ளியில் அவளோடு படித்தவன். முதல் சந்திப்பில் இருவரும் மோதிக்கொள்வார்கள், காபி கொட்டும். பிறகு இருவரும் சேர்ந்து ஊர் விழாவை நடத்த வேண்டிவரும். பிஸ்கட் சுடுவார்கள், மரத்தை அலங்கரிப்பார்கள், முகங்கள் நெருங்கும் நேரத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். படம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு மனஸ்தாபம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அது தீரும். பனி பெய்யும், முத்தம், சுபம்.

இது ஏதோ ஒரு படத்தின் கதைச்சுருக்கம் அல்ல. சில நூறு படங்களின் கதைச்சுருக்கம்! ஹால்மார்க் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் மட்டும் தன் இரண்டு சேனல்களிலும் சேர்த்து 40 புதிய கிறிஸ்துமஸ் படங்களை ஒளிபரப்பியது. லைஃப்டைம் போன்ற மற்ற சேனல்களும் நெட்ஃப்ளிக்ஸும் தயாரித்தவை தனிக்கணக்கு.

இவற்றைக் கேலி செய்வது ரொம்ப சுலபம். அமெரிக்காவில் அதுவே ஒரு பொழுதுபோக்கு. ஆனால் கேலி செய்து முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. முடிவு தெரிந்த கதையை வருஷா வருஷம் ஏன் இத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? இந்த அச்சு எங்கிருந்து வந்தது? எழுதுகிறவர்களுக்குக் கற்பனை வறட்சி என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சரித்திரத்தைப் புரட்டினால் கிடைக்கும் பதில் வேறு. இந்த அச்சின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பல மூலைகளுக்குத் தேதியும் இருக்கிறது. "வெறும் அச்சு, உள்ளே ஒன்றுமில்லை" என்று எல்லோரும் நினைத்த இந்தக் கதைக்குள் எவ்வளவு இருந்தது என்பது 2019 டிசம்பரில்தான் வெட்ட வெளிச்சமானது. அதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

தெருவிலிருந்து வீட்டுக்குள்

கிறிஸ்துமஸ் என்றாலே குடும்பம், கணப்பு, பரிசு, அமைதி என்றுதான் இன்று தோன்றுகிறது. அமெரிக்காவில் அது ஆரம்பத்திலிருந்தே அப்படி இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் இருந்த பியூரிட்டன்கள் 1659இல் சட்டம் போட்டே இந்தப் பண்டிகையைத் தடை செய்தார்கள். கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அந்தச் சட்டம் 1681இல்தான் நீங்கியது.

பைபிளில் இந்தத் தேதிக்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் என்பது குடித்துவிட்டுத் தெருவில் கூத்தடிப்பதும், வசதியானவர்கள் வீட்டு வாசலில் கும்பலாக நின்று சாப்பாடும் மதுவும் கேட்பதுமாக இருந்தது. கதவைத் திறக்காவிட்டால் ரகளைதான். ஸ்டீபன் நிசன்பாம் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட 'தி பேட்டில் ஃபார் கிறிஸ்துமஸ்' என்ற நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க்கின் வசதியான குடும்பங்கள் இந்தப் பண்டிகையைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தன, வாசலில் நின்ற ஏழைகளின் இடத்தில் வீட்டுக் குழந்தைகள் வந்தார்கள் என்பது அவருடைய வாதம்.

இந்த மாற்றத்தில் எழுத்தாளர்களுக்கும் பங்கு இருந்தது. வாஷிங்டன் இர்விங் 1819-20இல் பகுதி பகுதியாக வெளியிட்ட 'ஸ்கெட்ச் புக்'கில் சில கிறிஸ்துமஸ் கட்டுரைகள் வருகின்றன. ஒரு பயணி வழியில் பழைய நண்பனைச் சந்திக்கிறான். நண்பன் அவனை இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ள தன் அப்பாவின் பழைய மாளிகைக்கு அழைத்துப்போகிறான். அங்கே பெரியவர் உலகம் மறந்துபோன பழைய வழக்கங்களை விடாப்பிடியாக நடத்திக்கொண்டிருக்கிறார். வெளியூர்க்காரன், நாட்டுப்புற வீடு, அழிந்துவரும் பாரம்பரியம்... டிவி படத்தின் முதல் இருபது நிமிடம் இருநூறு வருஷத்துக்கு முன்பே தயார்! இர்விங் எழுதியபோதே அந்த வழக்கங்கள் பழங்கதையாகிக்கொண்டிருந்தன. ஆக, "அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ்" என்ற ஏக்கம் சினிமாவுக்கும் டிவிக்கும் ரொம்ப மூத்தது.

அடுத்து 1843. அந்த வருஷம் டிசம்பர் 19ஆம் தேதி லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வெளிவந்தது. வேலை, பணம் என்று மட்டுமே வாழும் ஒரு மனிதர் ஒரே இரவில் மனம் மாறுகிறார். டிவி படத்து நகரத்துப் பெண் யார் என்றால், ஸ்க்ரூஜின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். அதே 1843இல், அதே லண்டனில், ஹென்றி கோல் என்பவர் ஓர் ஓவியரைக் கொண்டு அச்சடித்த வாழ்த்து அட்டை ஒன்றை வெளியிட்டார். வணிகரீதியாக விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். கதையும் அட்டையும் ஒரே வருஷத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் பிற்காலத்தில் ஒரே முதலாளியிடம் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்னால் நடுவில் சினிமா வருகிறது.

நாற்பதுகளின் ஹாலிவுட்

டிக்கன்ஸின் கதையில் காதல் முக்கியமில்லை. காதலை உள்ளே கொண்டுவந்தது ஹாலிவுட். எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' 1940இல் வந்தது. ஒரே கடையில் வேலை பார்க்கும் இருவர் தினமும் சண்டை போடுகிறார்கள். முகம் தெரியாமல் கடிதத்தில் காதலித்துக்கொண்டிருப்பதும் அவர்கள் இருவரேதான். உண்மை தெரிவது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. முதலில் மோதல், பிறகு காதல், பண்டிகை இரவில் முடிச்சு அவிழ்வது என்ற வரிசை அதிலேயே இருக்கிறது.

1945இல் வந்த 'கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்' இன்னும் நெருக்கமானது. பார்பரா ஸ்டான்விக் அதில் ஒரு பத்திரிகை எழுத்தாளர். கணவர், குழந்தை, பண்ணை வீடு, கைமணம் என்று மாதாமாதம் எழுதிக் குவிக்கிறார். நிஜத்தில் நியூயார்க் நகரத்துச் சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார், சமைக்கவே தெரியாது. போரிலிருந்து திரும்பிய கடற்படை வீரர் ஒருவருக்கு அந்தப் பண்ணை வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து வைக்கும்படி பத்திரிகை முதலாளி சொல்லிவிட, பொய்யை நிஜமாக்க அலைகிறார். நகரத்துப் பெண், நாட்டுப்புற வீடு, பனி, பொய், காதல் எல்லாம் இதில் உண்டு. 1992இல் இதை டிவி படமாக மறுபடி எடுத்தபோது இயக்கியவர் யார் தெரியுமா? அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர்!

மூன்றாவது படம் ஃப்ராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946). சின்ன ஊர், அங்கே எளிய மக்களுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம், அதை விழுங்கப் பார்க்கும் பணக்காரர், கடைசியில் ஊரே திரண்டு வந்து காப்பாற்றுவது. மூடப்போகும் விடுதியையும் பேக்கரியையும் ஊர் சேர்ந்து மீட்கும் டிவி கதைகளுக்கு இதுதான் மூலம். வெளியானபோது படம் வசூலில் ஏமாற்றியது. அதைப் பிரபலமாக்கியது ஒரு கவனக்குறைவு. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். டிவி நிலையங்கள் படத்துக்குத் தனியாகப் பணம் கட்டாமல் டிசம்பர் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டன. மக்கள் சலிக்கவில்லை, பழகிப்போனார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரே கதையை எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பார்கள் என்று அமெரிக்க டிவி கற்றுக்கொண்டதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

டிவிக்கென்றே எடுத்த படங்கள்

தியேட்டருக்குப் போகாமல் நேராக டிவிக்கென்றே படம் எடுக்கும் வழக்கம் அறுபதுகளில் வந்தது. 1964இல் என்பிசியில் ஒளிபரப்பான 'சீ ஹவ் தே ரன்' தான் இந்த வகையில் முதல் படம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1969இல் ஏபிசி சேனல் வாராவாரம் ஒரு புதுப்படம் என்று ஆரம்பித்த பிறகு இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

ஆனால் எழுபதுகளின் டிவி கிறிஸ்துமஸ் படங்கள் காதல் படங்கள் அல்ல. 1971இல் சிபிஎஸ் ஒளிபரப்பிய 'தி ஹோம்கமிங்' பொருளாதார மந்த காலத்தில் வர்ஜீனியா மலைப்பகுதியில் ஓர் ஏழைக் குடும்பம் கிறிஸ்துமஸ் இரவில் அப்பா வருவாரா என்று காத்திருக்கும் கதை. 'தி வால்டன்ஸ்' என்ற புகழ்பெற்ற தொடர் இதிலிருந்துதான் பிறந்தது. 1977இல் ஏபிசியில் வந்த 'தி கேதரிங்' படத்தில் சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒரு தொழிலதிபர், பிரிந்துபோன மனைவி மக்களைக் கடைசியாக ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒன்றுசேர்க்கிறார். எட் அஸ்னர் அதில் அப்பாவாக நடித்தார். கனமான கதைகள். பார்ப்பவர்கள் அழுதார்கள்.

பிறகு கேபிள் டிவி வந்தது. மூன்று பெரிய சேனல்கள் இருந்த இடத்தில் டஜன் கணக்கில் சேனல்கள். எல்லோருக்கும் எல்லாமும் காட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சேனலும் தனக்கென்று ஒரு கூட்டத்தைத் தேடியது. 1984இல் தொடங்கிய லைஃப்டைம் பெண்களுக்கான சேனல் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. ஃபேமிலி சேனல் 1996இல் '25 டேஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' என்று டிசம்பரின் 25 நாளையும் பண்டிகை நிகழ்ச்சிகளால் நிரப்ப ஆரம்பித்தது. ஒரு நாள் பண்டிகை டிவியில் ஒரு மாதப் பண்டிகையாக நீண்டது. ஒரு மாதத்தை நிரப்பச் சரக்கு வேண்டும். சீக்கிரம் எடுக்கக்கூடிய, செலவு குறைந்த, யாரும் முகம் சுளிக்காத சரக்கு. சாவும் கண்ணீரும் தினமும் போட முடியாது. காதலைத் தினமும் போடலாம்.

வாழ்த்து அட்டைக் கடை

இங்கேதான் ஹால்மார்க் வருகிறது. 1910இல் ஜாய்ஸ் ஹால் என்ற 18 வயதுப் பையன் (ஜாய்ஸ் இங்கே ஆணின் பெயர்) படம் போட்ட தபால் அட்டைகளை அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டிக்கு வந்து விற்க ஆரம்பித்தான். அது வளர்ந்து அமெரிக்காவின் மிகப் பெரிய வாழ்த்து அட்டை நிறுவனம் ஆனது. 1951 டிசம்பர் 24 அன்று, 'அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்' என்ற இசை நாடகம் ஹால்மார்க்கின் ஆதரவில் என்பிசியில் நேரலையாக ஒளிபரப்பானது. டிவிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஆப்பரா அது. அதிலிருந்து தொடங்கியதுதான் 'ஹால்மார்க் ஹால் ஆஃப் ஃபேம்' என்ற நீண்ட வரிசை. அட்டை விற்கும் கம்பெனிக்கும் டிவி கிறிஸ்துமஸுக்கும் உள்ள உறவு அத்தனை பழையது.

1973இல் ஹால்மார்க் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் 'கீப்சேக்' அலங்காரப் பொருள்களை விற்க ஆரம்பித்தது. வருஷத்துக்கு வருஷம் புது மாதிரி, சேகரிப்பவர்கள் ஏராளம். புது மாதிரிகள் கடைக்கு வருவது ஜூலையில். ஹால்மார்க் சேனலும் ஜூலையில் கிறிஸ்துமஸ் படம் போடும். வெயில் கொளுத்தும் மாதத்தில் பனிப்படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை கடை அலமாரியில் இருக்கிறது.

ஹால்மார்க் சேனல் 2001 ஆகஸ்டில் இந்தப் பெயரில் தொடங்கியது. அதற்கு முன் அது ஒடிசி என்ற சேனல். அதன் வேர் பல மதப்பிரிவுகள் சேர்ந்து நடத்திய ஒளிபரப்பு. ஆக, ஆபாசம் இல்லை, வன்முறை இல்லை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்ற பழக்கம் புதுச் சேனலுக்கு முன்பே அந்த அலைவரிசையில் ஊறியிருந்தது.

2006இல் வந்த 'தி கிறிஸ்துமஸ் கார்டு' ஒரு திருப்பம். ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஒரு சிப்பாய்க்கு முகம் தெரியாத ஒரு பெண் எழுதிய வாழ்த்து அட்டை வருகிறது. விடுமுறையில் அவளைத் தேடி கலிபோர்னியாவின் சின்ன ஊர் ஒன்றுக்குப் போகிறான். வாழ்த்து அட்டைக் கம்பெனியின் சேனலில் கதாநாயகனைக் கதைக்குள் இழுப்பதே ஒரு வாழ்த்து அட்டை! பெண்ணின் அப்பாவாக நடித்தவர், 1977இல் சாகப்போகும் அப்பாவாக நடித்த அதே எட் அஸ்னர். இதற்காக அவர் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்தப் படத்தில் கதையின் மையம் அப்பா. இந்தப் படத்தில் அவர் மகளின் காதலுக்குப் பக்கபலம். முப்பது வருஷத்தில் டிவி கிறிஸ்துமஸ் நகர்ந்த தூரத்தை ஒரே நடிகரை வைத்து அளந்துவிடலாம்.

2009இல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்ற பெயரில் தொடர் ஒளிபரப்பு தொடங்கியது. பின்னாளில் அது அக்டோபர் கடைசியிலேயே ஆரம்பிக்கும் அளவுக்கு நீண்டது. 2017இல் வந்த 'கிறிஸ்துமஸ் இன் எவர்க்ரீன்' படத்துக்குத் தூண்டுதலே ஹால்மார்க்கின் ஓவியம்தான். பனியில் நிற்கும் சிவப்பு டிரக் கொண்ட அந்த ஓவியத்தைப் படத்தில் உயிரோடு நடமாட விட்டார்கள். 1843இன் இரட்டைப் பிள்ளைகள் ஒரே வீட்டுக்குள் வந்தாயிற்று.

ஒன்பது துண்டு

சரி, அச்சு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? முதல் காரணம் விளம்பர இடைவேளை. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் படம் சுமார் 85 நிமிடம்தான், மீதி விளம்பரம். தியேட்டர் படத்தை மூன்று பாகமாகப் பிரித்து எழுதுவார்கள். இந்த வகைப் படங்களை ஒன்பது பாகமாகப் பிரித்து எழுதுவது வழக்கம். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் விளம்பரம் வரும். ரிமோட்டை எடுக்காமல் இருக்க அங்கே ஒரு சின்ன முடிச்சு தேவை. முகங்கள் நெருங்கும்போது கதவு தட்டப்படுவது ஏன் என்று இப்போது புரியும். முத்தம் கிடைத்துவிட்டால் பார்ப்பவருக்கு வேலை முடிந்தது. அதனால் அது கடைசி நிமிடம் வரை கடனாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், பார்ப்பவர்கள் முழுப்படத்தையும் பார்ப்பதில்லை. டிசம்பரில் பரிசைப் பொட்டலம் கட்டிக்கொண்டோ சமைத்துக்கொண்டோ பாதியில் வந்து உட்காருகிறார்கள். எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் புரிய வேண்டும். அச்சு மாறினால் அது முடியாது.

மூன்றாவது, மறு ஒளிபரப்பு. ஒரு படத்தை எடுத்தால் பல வருஷம் ஓட்ட வேண்டும். அரசியல், போர், அந்த வருஷத்துச் செய்தி எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது. 2012இல் எடுத்ததும் 2022இல் எடுத்ததும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் உறுத்தக் கூடாது. காலம் நின்றுபோன மாதிரி அந்த ஊர்கள் தெரிவதற்குக் கலைக் காரணம் தேட வேண்டாம்.

நான்காவது, செலவு. இந்தப் படங்களில் பெரும்பாலானவை சுமார் மூன்று வாரத்தில் எடுத்து முடிக்கப்படுகின்றன. கதை நடப்பது வெர்மான்ட்டில் என்றாலும் எடுப்பது பெரும்பாலும் கனடாவில், வான்கூவரைச் சுற்றியோ ஒன்டாரியோவின் சின்ன ஊர்களிலோ. கனடா டாலரின் மதிப்பு குறைவு, அரசு வரிச்சலுகையும் உண்டு. எவர்க்ரீன் என்ற ஊரே வான்கூவருக்குப் பக்கத்தில் பர்னபியில் இருக்கும் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம்தான். குளிர்காலத்தில் ஒளிபரப்பாக வேண்டியதைக் கோடையில் எடுத்தாக வேண்டும். கொளுத்தும் ஜூலையில் கம்பளிக் கோட்டும் மப்ளருமாக நடிகர்கள் நிற்க, தரையில் வெள்ளைப் பஞ்சு விரிப்பும் நுரையும் பனியாகின்றன. மரத்தில் உள்ள பச்சை இலை தெரியாமல் கேமராவைத் திருப்ப வேண்டும். அகலமான காட்சிகள் குறைந்து, ஜோடித்த அறைகளும் கடைவாசல்களும் அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவு தெரிந்தே பார்ப்பவர்கள்

இதெல்லாம் தயாரிப்பவர்கள் பக்கத்து நியாயம். பார்ப்பவர்கள் பக்கத்து நியாயத்தைத் தெரிந்துகொள்ள நாவல் உலகத்துக்குப் போக வேண்டும். 1949இல் கனடாவின் வின்னிபெக்கில் தொடங்கிய ஹார்லக்வின் பதிப்பகம், 1971இல் லண்டனின் மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தையும் வாங்கி, காதல் நாவலை மாதாமாதம் வரும் பொருளாக மாற்றியது. மில்ஸ் அண்ட் பூன் நம் ஊர் வாடகை நூலகங்களிலும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்ட சரக்குதான். முடிவு எப்போதும் சுபம். பெரிய விமர்சகர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் ஜானிஸ் ராட்வே. அமெரிக்காவின் ஓர் ஊரில் இந்த நாவல்களைப் படிக்கும் பெண்களிடமே பேசி 1984இல் 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற நூலை எழுதினார். அந்தப் பெண்கள் சொன்ன பதிலில் கதையைவிடப் படிக்கும் நேரம் முக்கியமாக இருந்தது. நாள் முழுக்கக் கணவரையும் பிள்ளைகளையும் கவனிக்கிறோம், புத்தகம் கையில் இருக்கும் நேரம் மட்டும் எங்களுடையது என்றார்கள். அவர்களில் சிலர் வாங்குமுன் கடைசிப் பக்கத்தைப் படித்துச் சுபமா என்று உறுதி செய்துகொண்டார்கள். முடிவு தெரிவது அவர்களுக்குக் குறை அல்ல, முன்நிபந்தனை.

ராட்வே இதை வெறுமனே பாராட்டிவிட்டுப் போகவில்லை. அந்தக் கதைகள் தரும் ஆறுதல், வீட்டில் நிலைமை மாறாமலே அதைத் தாங்கிக்கொள்ளவும் பழக்கிவிடுகிறது என்ற சங்கடத்தையும் சேர்த்தே எழுதினார். கிறிஸ்துமஸ் படங்களுக்கும் இது பொருந்தும். நகரத்துப் பெண் பதவி உயர்வை உதறிவிட்டுச் சின்ன ஊரில் பேக்கரி நடத்துவதே மகிழ்ச்சி என்று எத்தனையோ படங்கள் முடிகின்றன. ஒரு படம் அப்படிச் சொன்னால் அது ஒரு பெண்ணின் முடிவு. நூறு படங்கள் சொன்னால் அது உபதேசம்.

கேலியும் இதோடு சேர்ந்தே வளர்ந்தது. காட்சிகளைக் கட்டம் போட்டு எழுதி டிக் அடிக்கும் பிங்கோ அட்டைகள் வந்தன. நெட்ஃப்ளிக்ஸ் 2017இல் 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' படத்தோடு களத்தில் இறங்கியது. 53 பேர் 18 நாளாகத் தினமும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், யார் உங்களை இப்படி நோகடித்தது என்று ட்விட்டரில் கேலி செய்து வாங்கியும் கட்டிக்கொண்டது. 2021இல் காமெடி சென்ட்ரல் சேனல் இந்த அச்சை அப்படியே நையாண்டி செய்து ஒரு முழுப்படமே எடுத்தது. நையாண்டிக்கும் அதே விடுதி, அதே பனி, அதே முத்தம்!

2019 டிசம்பர்

இனி ஆரம்பத்தில் சொன்ன சங்கதி. 2019 டிசம்பரில், 40 படங்கள் ஓடிக்கொண்டிருந்த சீசனில், ஜோலா என்ற திருமண ஏற்பாட்டு இணையதளத்தின் விளம்பரங்கள் ஹால்மார்க் சேனலில் வந்தன. சிலவற்றில் இரண்டு பெண்கள் மணமேடையில் நின்று முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ஒன் மில்லியன் மாம்ஸ் என்ற பழமைவாதக் குழு எதிர்ப்புத் தெரிவித்தது. ஹால்மார்க் அந்த விளம்பரங்களை நிறுத்தியது. உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து கண்டனம் குவிந்தது. சில நாளிலேயே, டிசம்பர் 15 அன்று, தாய் நிறுவனத்தின் தலைவர் அது தவறான முடிவு என்று மன்னிப்புக் கேட்டார். சேனல்களை நடத்திய பில் அபோட் 2020 ஜனவரியில் பதவி விலகினார்.

கவனிக்க வேண்டியது, சண்டை ஒரு படத்தின் மேல் அல்ல, படங்களுக்கு நடுவே வந்த விளம்பரத்தின் மேல். ஆனால் அதில் இருந்தது படத்தின் கடைசிக் காட்சி. இரண்டு பேர், அலங்காரம், முத்தம். அந்தக் காட்சியில் யார் நிற்கலாம் என்பதுதான் வழக்கு. "உள்ளே ஒன்றுமில்லாத படம்" என்றால் இரண்டு பக்கமும் இத்தனை ஆவேசப்பட்டிருக்காது. அந்த 40 படங்களில் ஒன்றில்கூட ஒருபால் ஜோடி நாயகர்களாக இல்லை. அச்சே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷமே மாற்றம் தெரிந்தது. 2020இல் ஹால்மார்க்கின் 'தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்' படத்தில் குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் இரண்டு ஆண்கள் முக்கியப் பாத்திரங்களாக வந்தார்கள். அதே வருஷம் லைஃப்டைமின் 'தி கிறிஸ்துமஸ் செட்டப்' படத்தில் நாயகர்களே இரண்டு ஆண்கள். நடித்தவர்கள் நிஜ வாழ்க்கையிலும் தம்பதி. யூதக் குடும்பங்களின் ஹனுக்கா பண்டிகையும், சீன அமெரிக்கக் குடும்பங்களும் இந்த வகைப் படங்களில் கதையின் நடுவுக்கு வந்தது இதை ஒட்டிய வருஷங்களில்தான்.

2022இல் ஹால்மார்க் 'தி ஹாலிடே சிட்டர்' என்ற படத்தை ஒளிபரப்பியது. வேலை வேலை என்று அலையும் ஒரு நகரத்து ஆள். சகோதரியின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வருகிறார், கைகால் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வருகிறார், காதல் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் ஆண். மற்றதெல்லாம் அதே அலங்காரம், அதே மனஸ்தாபம், அதே முடிவு! அச்சில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஓர் இடம்தான். அந்த ஓர் இடத்தை மாற்ற 2001இலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. பதவி விலகிய பில் அபோட் 2021இல் வேறொரு கேபிள் சேனலை வாங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அது கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி ஆனது. ஹால்மார்க்கின் கிறிஸ்துமஸ் முகமாகவே இருந்த நடிகை காண்டஸ் கேமரன் ப்யூர் 2022இல் அங்கே போனார். புதிய சேனல் பாரம்பரியத் திருமணத்தையே மையமாக வைத்திருக்கும் என்று அந்த நவம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார். அதற்கும் கடும் கண்டனம், கடும் ஆதரவு.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டு சேனல்களில் ஒரே கதை ஓட ஆரம்பிக்கிறது. இரண்டிலும் அதே பனி, அதே மரப் பண்ணை, அதே கட்டம் போட்ட சட்டை. ரிமோட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்குக் கடைசி ஐந்து நிமிடம் வரும்வரை எது எந்தச் சேனல் என்றே தெரியாமல் போகலாம். தெருவில் நின்ற கும்பலுக்குக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போன பண்டிகை இது. யார் கதவைத் தட்டினால் திறப்பது என்ற பழைய கேள்வியை அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.